எல்லோரையும் வரவேற்கிறோம், ஆனாலும் யாரும் ஒட்ட மாட்டேன் என்கிறார்கள். எங்கே தப்பு?

கேட்டவர்: மூன்றாம்மாடி

நான் இருக்கும் குடியிருப்பில் 120 வீடுகள். எண்ணிப் பார்த்தால் ஏழெட்டு தாய்மொழிகள், நாலைந்து மதங்கள், சொந்த வீட்டுக்காரர்கள் பாதி, வாடகைக்கு இருப்பவர்கள் பாதி, ஓய்வு பெற்றவர்கள் ஒரு பக்கம், இரவு வேலைக்குப் போய்விட்டுப் பகலில் தூங்கும் இளைஞர்கள் ஒரு பக்கம். சண்டை என்று எதுவும் கிடையாது. அதுதான் விஷயமே. சண்டை போடும் அளவுக்குக்கூட யாருக்கும் யாரையும் தெரியாது.

நான் இரண்டு வருடமாகக் குடியிருப்போர் சங்கக் குழுவில் இருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை "பன்முக நாள்" என்று ஒன்று நடத்துகிறோம். ஒவ்வொரு மொழிக்காரர்களும் மேடையேறி ஏதாவது செய்வார்கள், மற்றவர்கள் கைதட்டுவோம், பொது வாட்ஸ்அப் குழுவில் இருநூறு படம் வந்து விழும். மறுநாள் காலை லிஃப்டில் அதே ஆட்கள், அதே மௌனம், எல்லோரும் மாடி எண் மாறுவதையே பார்த்துக்கொண்டு நிற்போம்.

இந்த முறை ஒரு விஷயம் உறுத்திவிட்டது. ஒன்றரை வருடமாக இங்கே இருக்கும் ஒரு பெண்மணி, கடைசி வரிசையில் கதவை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் போன், ஆனால் திரை அணைந்திருந்தது. இரண்டு மணி நேரமும் அப்படியே. நான் போய் "முன்னாடி வாங்க, இடம் இருக்கே" என்றேன். "இல்ல பரவாயில்லை, இங்கேயே வசதி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் வருடம் முழுக்க நானே அப்படித்தான் சிரித்துக்கொண்டு திரிந்தேன்.

பொதுக் குழு போக, மொழிவாரியாக மூன்று வாட்ஸ்அப் குழுக்கள் தனியாக ஓடுகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. உண்மையான பேச்செல்லாம் அங்கேதான். பொதுக் குழுவில் மோட்டார் ரிப்பேர் அறிவிப்பும் காலை வணக்கப் படமும் மட்டும்.

சங்கக் குழுவில் இதைச் சொன்னால், "அப்ப பன்முக நாளை வருடம் இரண்டு தடவை வைப்போம், கூடவே பிளாக் பிளாக்காகப் போட்டி வைப்போம்" என்கிறார்கள். எனக்கென்னவோ மருந்தே தப்பு என்று தோன்றுகிறது. ஆனால் சரியான மருந்து எது என்று சொல்லத் தெரியவில்லை. இப்படி ஓர் இடத்தில் இருந்து, எதையாவது செய்து பார்த்து, அது பலித்ததா இல்லையா என்று கண்டவர்கள் சொல்லுங்கள். "எல்லோரிடமும் அன்பாகப் பழகுங்கள்" ரகப் பதில் வேண்டாம்.

பதில்: நடுவரிசை

உங்கள் குழு சொல்லும் இரண்டு மருந்தையும் ஏற்கெனவே ஒருவர் கொடுத்துப் பார்த்துவிட்டார். முசாபர் ஷெரீப் என்ற உளவியலாளர், 1954 கோடையில், அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ராபர்ஸ் கேவ் என்ற இடத்தில் பதினோரு வயதை ஒட்டிய 22 பையன்களை முகாமுக்கு அழைத்துப் போய் இரண்டு அணியாகப் பிரித்தார். போட்டிகள் வைத்தார். சில நாட்களிலேயே ஓர் அணியின் கொடியை இன்னோர் அணி எரிக்கும் அளவுக்குப் போய்விட்டது. அதற்குமுன் முன்பின் பார்த்துக்கொள்ளாத, ஒரே மாதிரிக் குடும்பங்களிலிருந்து வந்த பிள்ளைகள் அவர்கள் என்பதைக் கவனியுங்கள்.

அப்புறம் ராசியாக்கப் பார்த்தார். ஒன்றாக உட்கார வைத்துப் படம் காட்டினார், ஒன்றாகச் சாப்பிட வைத்தார். தட்டில் இருந்ததை ஒருவர்மேல் ஒருவர் வீசியதுதான் மிச்சம். உங்கள் பன்முக நாளில் அந்த அளவுக்குப் போகாததற்குக் காரணம் நீங்கள் எல்லோரும் பெரியவர்கள், அவ்வளவுதான்.

மாற்றம் வந்தது முகாமுக்குத் தண்ணீர் நின்றபோது. (நிறுத்தியதே ஆராய்ச்சிக்காரர்கள்தான், அது வேறு கதை.) அப்புறம் லாரி ஒன்று கிளம்ப மறுத்தது. இரண்டு அணியும் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தார்கள். எந்தக் கயிறு தெரியுமா, சில நாள் முன்னால் ஒருவரையொருவர் எதிர்த்து இழுத்துப் போட்டி போட்ட அதே கயிறு. ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை, இப்படிச் சில வேலைகள் அடுத்தடுத்து வந்த பிறகுதான் ஊர் திரும்பும்போது ஒரே பஸ்ஸில் போகிறோம் என்று அவர்களே கேட்டார்கள்.

எனவே மேடையை விடுங்கள். குடியிருப்பில் இப்போது இருக்கும் தலைவலிகளை எழுதுங்கள். காசு கொடுத்து வெளியாளை வைத்து முடிக்கும் வேலைகளில் ஒன்றிரண்டை நீங்களே செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள், மொழி கலந்து ஐந்தாறு பேராக. எங்கள் இடத்தில் அது பின்பக்கப் பாதைக்கு விளக்கு போடுகிற வேலையாக அமைந்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பவரிடம் பேசாமல் இருக்க முடியாது.

பதில்: பழைய_பூட்டு

மூன்றாம்மாடி, அந்தக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான். உங்கள் குடியிருப்பில் இல்லை, வேறோர் இடத்தில், நாலு வருடம்.

நீங்கள் அவரிடம் "முன்னாடி வாங்க" என்றீர்கள். நல்ல மனசு, தெரிகிறது. ஆனால் "வாங்க வாங்க" என்று யாரைச் சொல்வோம்? விருந்தாளியைச் சொல்வோம். வீட்டு ஆள் வந்தால் "ஏன் இவ்வளவு நேரம், கதவைச் சாத்திட்டு வா" என்போம். நாலு வருடமும் என்னை எல்லோரும் வாங்க வாங்க என்றார்கள். ஒருவர்கூட "நேத்து ஏன் வரலை?" என்று கேட்டதில்லை. நான் வந்தால் சந்தோஷம், வராவிட்டால் யாருக்கும் தெரியாது.

இன்னொன்று, சிரிப்பு. கூட்டத்தில் யாராவது அவர்கள் மொழியில் ஒன்று சொல்வார்கள், எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், பக்கத்தில் இருக்கிறவர் என் பக்கம் திரும்பி "அப்புறம் சொல்றேன்" என்பார். அந்த அப்புறம் இன்றுவரை வரவில்லை. கோபமெல்லாம் கிடையாது. ஆனால் அரை நொடி தாமதமாக, விஷயம் புரியாமலே, நானும் சேர்ந்து சிரிப்பேன் பாருங்கள், அது உடம்பையே களைத்துப்போகச் செய்யும்.

பன்முக நாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வருடமும் என்னிடம் வந்து "உங்க ஆளுங்க சார்பா ஏதாவது பண்ணுங்க" என்பார்கள். யார் என் ஆளுங்க? என் மொழி பேசுகிறவர்கள் அங்கே இன்னொரு குடும்பம் இருந்தது, அவர்களோடு எனக்கு ஒத்தே போகாது. நான் 19 வருடம் கணக்கு எழுதிய ஆள். சங்கத்தின் வரவு செலவைத் திரையில் காட்டும்போது கடைசி வரிசையிலிருந்தே கூட்டல் உதைப்பது எனக்குத் தெரியும். மூன்று வருடம் வாயைத் திறக்கவில்லை. நாலாவது வருடம் பொருளாளர் வெளியூர் போய்விட, வேறு வழியில்லாமல் யாரோ என்னிடம் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், "அவசரம், கொஞ்சம் பாருங்களேன்" என்று. இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து பார்த்தேன். நான் அந்த இடத்தைச் சேர்ந்தவள் ஆனது அன்றைக்குத்தான்.

அவரை முன்வரிசைக்குக் கூப்பிடாதீர்கள். அவரிடம் எதையாவது ஒப்படையுங்கள். ஒரு சின்னச் சோதனை: உங்கள் பொது அறையின் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள்.

பதில்: அரைக்கண்

நான் கொஞ்சம் எதிர்ப்பாட்டு பாடுகிறேன், கோபிக்காதீர்கள்.

முதலில் நடுவரிசைக்கு. அதே ஷெரீப் அதற்கு முந்தைய வருடம், 1953இல், இன்னொரு முகாம் நடத்தி அது ஊத்திக்கொண்டது. அந்தப் பையன்கள் பிரிக்கப்படும் முன்பே ஒன்றாகப் பழகிவிட்டதால், எவ்வளவு மூட்டிவிட்டாலும் சண்டைக்கு வரவில்லை. நீங்கள் சொன்ன கதை அதற்கு அடுத்த முயற்சி. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, மனிதர்கள் எதை வைத்து வேண்டுமானாலும் அணி பிரிவார்கள். ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் 1970இல் வெளியிட்ட சோதனையில் பள்ளிப் பையன்களிடம் திரையில் தெரியும் புள்ளிகள் எத்தனை என்று ஊகிக்கச் சொல்லி, அதை வைத்துப் பிரித்ததாகச் சொன்னார். உண்மையில் சீட்டுக் குலுக்குவது மாதிரி, எந்தக் காரணமும் இல்லாமல் பிரித்தது. முகம் தெரியாது, பெயர் தெரியாது, ஆனாலும் காசு பங்கிடச் சொன்னபோது தங்கள் பக்கத்துக்குக் கூடக் கொடுத்தார்கள். இது ஏழெட்டு மொழி இருக்கும் கட்டடம், என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

ராபர்ட் பட்னம் என்ற அரசியல் ஆய்வாளர் 2007இல் எழுதியதும் இதையொட்டித்தான். அமெரிக்காவில் 30,000 பேர் வரை கேட்டு எடுத்த கணக்கு. பலதரப்பட்டவர்கள் கலந்து வாழும் இடங்களில் அடுத்த இனத்தார் மீது மட்டுமில்லை, சொந்த இனத்தார் மீதுகூட நம்பிக்கை குறைவாக இருந்தது. ஆமைபோல உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள் என்று அவரே எழுதினார். உங்கள் லிஃப்டில் நடப்பது அதுதான். (நாளாவட்டத்தில் இது மாறும் என்றும் அவர் எழுதினார், அதை மறைக்க விரும்பவில்லை. அவர் கணக்கை மறுத்தவர்களும் நிறைய.)

மூன்றாவதுதான் என் உண்மையான கவலை. சிலருக்குத் தனியாக இருப்பதே பிடிக்கும். பத்து மணி நேரம் வேலையில் பேசிவிட்டு வருகிறவர், லிஃப்டில் எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவருக்கு ஓய்வு. மொழிவாரிக் குழுக்களையும் குற்றமாகப் பார்க்காதீர்கள். தாய்மொழியில் நாலு வார்த்தை பேச ஓர் இடம் இருக்கிற ஆள்தான் தைரியமாக வெளியே வந்து மற்றவர்களிடம் பேசுவார். அதைக் கலைத்துவிட்டுப் பொதுக் குழுவுக்கு ஆள் சேர்த்தால் இரண்டும் போகும்.

பதில்: மூன்றாம்மாடி (கேட்டவர்)

பழைய_பூட்டு அக்கா, சாவிக் கணக்கு எடுத்தேன். மொத்தம் ஆறு சாவி. ஆறும் சொந்த வீட்டுக்காரர்களிடம். ஐந்து பேர் ஒரே மொழி, ஆறாவது நான், நானும் அதே மொழிதான். யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை, தெரிந்தவரிடம் கொடுத்தோம், அவர் தெரிந்தவரிடம் கொடுத்தார். எழுதி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரைக்கண், நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. யாரையும் பிடித்து இழுக்கும் எண்ணம் இல்லை. ஆனால் தனியாக இருக்க விரும்புகிறவரையும், வழி தெரியாமல் தனியாக இருப்பவரையும் எப்படிப் பிரித்து அறிவது?

பதில்: சுவர்க்கோழி

பிரித்து அறிய வேண்டாம். வந்தால் வேலை இருக்கிறது, வராவிட்டால் கேள்வி இல்லை என்று ஒரு வழியைத் திறந்து வையுங்கள், அவரவரே பிரிந்துகொள்வார்கள்.

இந்தத் துறைப் பக்கம் கொஞ்சம் வாசிப்பு உண்டு என்பதால் சொல்கிறேன். கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954இல் நாலு நிபந்தனை சொன்னார்: சம அந்தஸ்து, பொதுவான நோக்கம், போட்டியில்லாத ஒத்துழைப்பு, மேலே இருப்பவர்களின் ஆதரவு. இந்த நாலும் இருந்தால் கலந்து பழகுவது வெறுப்பைக் குறைக்கும் என்பது அவர் கட்சி. 2006இல் பெட்டிக்ரூ, டிராப் என்ற இரு உளவியலாளர்கள் 515 ஆய்வுகளை ஒன்றாகப் போட்டு அலசினார்கள். கலந்து பழகுவது பொதுவாகப் பலன் தருகிறது, நாலு நிபந்தனையும் இருந்தால் பலன் கூடுகிறது, ஆனால் எல்லாம் பொருந்தி வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று வந்தது. ஆக முகூர்த்தம் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பிளாக் வாரிப் போட்டி இருக்கிறதே, அதை முதலில் நிறுத்துங்கள். மேட் லோவ் என்ற பொருளாதார ஆய்வாளர் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் கிரிக்கெட் போட்டித் தொடர் நடத்தி 2021இல் முடிவை வெளியிட்டார். வெவ்வேறு சாதி இளைஞர்கள் ஒரே அணியில் ஆடினால் சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிர் அணியில் ஆடினால் அந்தப் பலன் இல்லை, பல இடத்தில் எதிராகவே போனது. ஒரே மைதானம், ஒரே பந்து, யார் பக்கம் நிற்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். போட்டி வைத்தே தீருவேன் என்று உங்கள் குழு அடம்பிடித்தால் அணியைச் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள்.

ஓவராக எதிர்பார்க்கவும் வேண்டாம். சல்மா மூசா என்ற ஆய்வாளர் இராக்கில், ஐஎஸ் தாக்குதலில் இடம்பெயர்ந்த கிறிஸ்தவர்களின் கால்பந்து அணிகளில் முஸ்லிம் ஆட்டக்காரர்களைச் சேர்த்துப் பார்த்தார். 2020இல் வெளியானது. சேர்ந்து ஆடியவர்கள் ஆறு மாதம் கழித்தும் கலந்தே பயிற்சி செய்தார்கள். ஆனால் மைதானத்துக்கு வெளியே, முன்பின் தெரியாத முஸ்லிம்கள் விஷயத்தில் பெரிய மாற்றம் இல்லை. எனக்கு இது சோர்வு தரவில்லை. தெரிந்த பத்துப் பேரிடம் நிம்மதியாக இருக்க முடிந்தால் ஒரு கட்டடத்துக்கு அது போதாதா?

கட்டடம் என்றதும் நினைவு வருகிறது. ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளரும் அவர் கூட்டாளிகளும் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மாணவர் குடியிருப்பை ஆராய்ந்து 1950இல் எழுதினார்கள். யார் யாருக்கு நண்பர் என்பதைக் குணத்தைவிட வாசல்களுக்கு நடுவே இருக்கும் தூரம் தீர்மானித்தது. மாடிப்படி அடியில் வீடு அமைந்தவர்களுக்கு மேல்மாடியில் நண்பர்கள் கூட. உங்கள் இடத்தில் ஆட்கள் நின்று பேச ஒரு நிழலான மூலை இருக்கிறதா? இல்லையென்றால் மேடைச் செலவை இரண்டு பெஞ்சுக்குத் திருப்புங்கள்.

பதில்: சுண்ணாம்புக்கட்டி

எல்லோரும் வேலை, சாவி என்று சொல்லிவிட்டார்கள். நான் கூட்டத்தைப் பற்றி மட்டும். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறவள், அதனால் பேசாத பிள்ளையைப் பேச வைப்பது என் அன்றாடப் பிழைப்பு.

"நீங்களும் ஏதாவது சொல்லுங்களேன்" என்று சபையில் ஒருவரைத் திரும்பிப் பார்க்கவே பார்க்காதீர்கள். தண்டனை மாதிரி இருக்கும். எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில், வெள்ளை, கறுப்பின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளைப் புதிதாக ஒன்றுசேர்த்துக் கைகலப்பு நடந்துகொண்டிருந்த நேரத்தில் ஒரு முறை கொண்டுவந்தார். பாடத்தைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டு. பரீட்சை மொத்தப் பாடத்திலும். திக்கித் திக்கிப் பேசும் பிள்ளையின் துண்டு அந்தப் பிள்ளையிடம் மட்டும்தான் இருக்கிறது, கேலி செய்தால் உனக்குத்தான் மார்க் போகும். இரண்டே வாரத்தில் கேலி நின்று "மெதுவா சொல்லு" ஆகிவிடும். நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

கூட்டத்திலும் இதைச் செய்யலாம். தண்ணீர்க் கணக்கு ஒருவர், லிஃப்ட் பராமரிப்பு ஒருவர், குப்பை ஒருவர் என்று விசாரித்துவிட்டு வரச் சொல்லுங்கள். தகவல் கையில் இருந்தால் மொழி தடுமாறினாலும் சபை காத்திருக்கும். முடிவுகளை அன்றிரவே இரண்டு மூன்று மொழியில் எழுதிப் போடுங்கள், குரல் பதிவாக இருந்தாலும் போதும். முக்கியமாக, கூட்டத்துக்கு முந்தின நாள் நாலு பேர் போனிலேயே முடிவு செய்துவிட்டு வருவதை நிறுத்துங்கள். அப்படி நடப்பது கடைசி வரிசைக்குத்தான் முதலில் தெரியும்.

பதில்: மூன்றாம்மாடி (கேட்டவர்)

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். பாதி பலித்தது, பாதி இல்லை.

பலிக்காதது முதலில். மொழி கலந்த ஆறு பேர் குழு என்று பெயர்ப் பட்டியலை நானே போட்டு அனுப்பினேன். கட்டளை மாதிரி இருந்தது போல, பாதிப் பேர் வரவே இல்லை. வந்தவர்களில் இருவர், மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவும்போது வால்வை யார் மூடாமல் விட்டது என்று நல்ல சண்டை போட்டார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த இருவரும் அதற்குமுன் மூன்று வருடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது வால்வு பற்றியாவது பேசுகிறார்கள். பன்முக நாளை நிறுத்தலாம் என்றதற்குக் குழுவில் பெரிய எதிர்ப்பு. போகட்டும் என்று விட்டுவிட்டேன், போட்டியை மட்டும் சீட்டுக் குலுக்கலுக்கு மாற்றினோம். பெஞ்சுக்கு இன்னும் பணம் ஒதுக்கவில்லை.

சாவியில் மூன்றைத் திரும்ப வாங்கினோம். அதில் ஒருவர் இன்னும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஒன்றை, அந்தக் கதவோர நாற்காலிப் பெண்மணியிடம் கொடுத்தேன். பெரிதாக எதுவும் பேசவில்லை, "செவ்வாய், வியாழன் சாயங்காலம் பிள்ளைகள் படிக்க அறையைத் திறந்துவிட ஆள் வேண்டும், உங்களுக்கு முடியுமா?" என்று மட்டும் கேட்டேன். சாவியை வாங்கி, எது எந்தப் பூட்டுக்கு என்று இரண்டு தடவை கேட்டு, வளையத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிக்கொண்டார்.

போன வியாழன் நான் புத்தக அலமாரியைக் கொண்டுவந்து வைப்பதாகச் சொல்லியிருந்தேன். போய்ச் சேரும்போது ஆறே முக்கால். வாசலில் நின்றுகொண்டிருந்தார். "ஆறு மணின்னுதானே சொன்னீங்க? பிள்ளைங்க எல்லாம் தரையில புத்தகத்தை வச்சிட்டுக் காத்திருக்காங்க" என்றார். சிரிக்கவில்லை.

பதில்: பழைய_பூட்டு

அடுத்த வாரம் நேரத்துக்குப் போய்ச் சேருங்கள்.

பதில்: அரைக்கண்

எல்லாம் சரி, அந்தச் சாவிக்கு நகல் எடுத்து வைத்தீர்களா?